இட ஒதுக்கீடு எதுவரை? கல்லூரிச் சேர்க்கை முதல் வளாகத் தேர்வு வரை ஒரு விளக்கம்

கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்துவிட்டால் வட சென்னையின் தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இ-சேவை மையங்களின் வாசலில் கூட்டம் நிற்கும். அங்கே கேட்கப்படும் கேள்விகள் சின்னவை. "பிசி சர்டிபிகேட்தான் இருக்கே, ஓபிசி வேற எதுக்கு?" "ஏழரை சதவீதத்துல என் பொண்ணு வருவாளா?" "எஸ்சி பசங்க ஃபீஸ் கட்ட வேணாம்னாங்க, காலேஜ்ல கட்டச் சொல்றாங்களே?" அதே நாட்களில் கைப்பேசியில் ஓடும் விவாதமோ வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றமே இன அடிப்படைச் சேர்க்கையை ரத்து செய்துவிட்டதே, இங்கே மட்டும் ஏன்? தமிழ்நாட்டின் 69 சதவீத ஒதுக்கீடு செல்லுமா? பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் சமத்துவ விதிகள் யாருக்காக?

சின்னக் கேள்விகளும் பெரிய கேள்விகளும் ஒரே குழப்பத்தில்தான் போய் முட்டுகின்றன. இட ஒதுக்கீடு ஒன்று, சம வாய்ப்பு இன்னொன்று. முதலாவதற்கு நூறாண்டுப் போராட்டமும் சட்டமும் இருக்கின்றன. இரண்டாவது பெரும்பாலும் கல்லூரி அலுவலக ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் நல்ல மனசைப் பொறுத்திருக்கிறது. அடிப்படையிலிருந்து வரிசையாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ரத்தானது எது?

தூரத்தில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம். 1961 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கென்னடி ஓர் ஆணை பிறப்பித்தார். அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனங்கள் இனம், நிறம், மதம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. அதோடு நிற்காமல், எல்லோருக்கும் வாய்ப்பு கிடைக்க முனைந்து நடவடிக்கை எடுக்கவும் வேண்டும் என்றது அந்த ஆணை. 1965இல் அதிபர் ஜான்சன் அதை விரிவாக்கினார். அந்தப் போக்கில் பல்கலைக்கழகங்களும் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தாமாகவே சில முறைகளை வகுத்துக்கொண்டன.

கலிபோர்னியாவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16ஐ இப்படித் தனியே வைத்திருந்தது. பக்கி வழக்கில் 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தனி இடங்கள் செல்லாது என்றது. ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது இனத்தையும் பல காரணிகளில் ஒன்றாகக் கருதலாம் என்று விட்டுவைத்தது. 2023 ஜூன் 29 அன்று ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில் போனது, மிச்சமிருந்த அந்த ஒரு காரணிதான். 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஜான்சனின் 1965 ஆணையையும் விலக்கிக்கொண்டார்.

ஆக, நாம் கோட்டா என்று சொல்வது அங்கே ரத்தாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்தத் தீர்ப்பை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்ப்பதில் இரண்டு சிக்கல்கள்:

1. அமெரிக்க அரசியலமைப்பில் எல்லோருக்கும் சம பாதுகாப்பு என்ற பொதுவான வாசகம்தான் உண்டு. அதற்கு என்ன பொருள் என்பதை நீதிபதிகள் காலத்துக்குக் காலம் மாற்றிச் சொல்ல முடிகிறது. இந்திய அரசியலமைப்பின் 15(4), 15(5), 16(4) பிரிவுகள் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று நேரடியாகவே எழுதிவைத்திருக்கின்றன.

2. அங்கே அது பல்கலைக்கழகம் விரும்பி எடுத்துக்கொண்ட முறை. இங்கே அரசு இயற்றிய சட்டம். ஒரு கல்லூரி நிர்வாகம் மனம் மாறினால் நின்றுபோகிற காரியம் இல்லை.

மதராஸின் 14 இடக் கணக்கு

அரசியலமைப்பில் 15(4) என்ற பிரிவு வந்ததற்குக் காரணமே இந்த ஊர்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயரும், டி.எம்.நாயரும், சி.நடேசனாரும் 1916இல் தொடங்கிய நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததும் 1921இல், அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பகிரும் முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்டது. ஆணை காகிதத்தில் இருந்ததே தவிர, 1920களின் இறுதியில் அமைச்சர் முத்தையா முதலியார் காலத்தில்தான் அரசு வேலைகளில் ஒழுங்காக அமலானது.

சுதந்திரம் வந்த காலத்தில் மருத்துவ, பொறியியல் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடத்தையும் இப்படிப் பிரித்தார்கள்: பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்த்து 1, முஸ்லிம்கள் 1. செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில் இந்த முறை செல்லாது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதராஸ் மாகாணத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்தது. 15(4) அதில் பிறந்தது.

பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்றும் இதில் உண்டு. அந்தத் தலைமுறை சீட்டோடு நிற்கவில்லை. வெளியூரிலிருந்து படிக்க வரும் பிராமணர் அல்லாத மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்காத நிலையில், நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. இடம் கொடுத்தால் மட்டும் பிள்ளை படித்துவிடாது என்று அப்போதே தெரிந்துவைத்திருந்தார்கள்.

200 இடத்தை வைத்து 69ஐப் பார்ப்போம்

தமிழ்நாட்டின் இன்றைய 69 சதவீதம் ஒரே நாளில் வந்ததில்லை. 1980இல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 50 ஆனது. 1989இல் அந்த 50க்குள் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20 பிரித்துக் கொடுக்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்குத் தனியே 1 என்று 1990இல் மொத்தம் 69ஐத் தொட்டது. பிறகு 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, 2009இல் அருந்ததியருக்கு 3 என்று உள் ஒதுக்கீடுகள் வந்தன. மொத்தம் மாறவில்லை.

சதவீதமாகச் சொன்னால் அரை, கால் என்று வந்து குழப்பும். ஒரு அரசுக் கல்லூரியில் 200 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம்:

1. பொதுப் போட்டி: 62
2. பிற்படுத்தப்பட்டோர்: 53
3. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள்: 7
4. மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர்: 40
5. பட்டியல் சாதியினர்: 30
6. அருந்ததியர்: 6
7. பழங்குடியினர்: 2

முதலில் நிரப்பப்படுவது பொதுப் போட்டிக்கான 62. இது முன்னேறிய சாதியினருக்கான ஒதுக்கீடு என்று இன்றும் படித்தவர்களே நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தரவரிசையில் மேலே இருக்கும் 62 பேர், யாராக இருந்தாலும், இதில் வருவார்கள். புளியந்தோப்பிலிருந்து வரும் பட்டியல் சாதி மாணவி தரவரிசையில் 40ஆவது இடத்தில் இருந்தால் அவர் பொதுப் போட்டியில்தான் கணக்கு. பட்டியல் சாதிக்கான 30இல் ஓர் இடமும் அவரால் குறையாது. அவரைப் பார்த்து "கோட்டாவுல வந்தியா?" என்று கேட்பவருக்குச் சட்டமும் தெரியாது, கணக்கும் தெரியாது. (கோட்டாவில் வந்திருந்தாலும் கேட்கக் கூடாத கேள்வி அது. அதற்குப் பிறகு வருவோம்.)

அருந்ததியருக்கான 6 இடம் முன்னுரிமை. ஆள் இல்லாவிட்டால் மற்ற பட்டியல் சாதியினருக்குப் போகும். அந்த 6க்கு மேல் அருந்ததியர் இருந்தால் பாக்கி 30இலும் போட்டியிடலாம். இப்படி உள் ஒதுக்கீடு தரலாம் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது.

மேலே சொன்ன ஏழும் செங்குத்தான பிரிவுகள். மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீதம் குறுக்காக ஓடுவது. 200இல் 10 இடம் அவர்களுக்கு என்றால், அந்தப் பத்துப் பேரும் அவரவர் சமூகப் பிரிவின் கணக்கிலேயே சேர்வார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தந்தது இது.

சரி, 50 சதவீத உச்சவரம்பு? 1992இல் இந்திரா சஹானி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வரம்பு அது. தமிழ்நாடு 1993இல் தனிச் சட்டம் இயற்றி, 1994இல் 76ஆவது திருத்தத்தின் மூலம் அதை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் (நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களுக்குப் பாதுகாப்பு தரும் பட்டியல்) சேர்த்துக்கொண்டது. அட்டவணையில் இருப்பதாலேயே ஒரு சட்டம் நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்று 2007இல் கோயல்ஹோ வழக்கில் தீர்ப்பு வந்தது. எனவே 69 சதவீதச் சட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது, கேள்விக்கு அப்பாற்பட்டதாக இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரே வகுப்பு, இரண்டு பட்டியல்

இ-சேவை மையத்து முதல் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. ராயபுரம் பக்கம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது மாநில அரசுக் கல்லூரி. ஆனால் அதன் எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதம் அகில இந்தியத் தொகுப்புக்குப் போகிறது. மீதி 85 சதவீத இடங்களுக்குத் தமிழ்நாட்டின் 69 சதவீதக் கணக்கு. அந்த 15 சதவீதத்துக்கு மத்திய அரசுக் கணக்கு: பட்டியல் சாதி 15, பழங்குடி 7.5, இதர பிற்படுத்தப்பட்டோர் (ஓபிசி) 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் 10. ஓபிசிக்கு அந்தத் தொகுப்பில் இடமே தரப்படாமல் இருந்து, வழக்கெல்லாம் நடந்த பிறகு 2021இல்தான் கிடைத்தது. ஒரே பெஞ்சில் உட்காரும் இருவர் இரண்டு வெவ்வேறு சட்டங்களின் வழியே உள்ளே வந்திருக்கலாம்.

மாநிலப் பட்டியலில் பிசி (பிற்படுத்தப்பட்டோர்), எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) என்று இருப்பவர்களுக்கு மத்தியக் கணக்கில் பெயர் ஓபிசி. ஆனால் மூன்று வேறுபாடுகள் உண்டு:

1. சில சாதிகள் மாநிலப் பட்டியலில் இருக்கும், மத்தியப் பட்டியலில் இருக்காது. இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

2. மாநில ஒதுக்கீட்டில் கிரீமி லேயர் (வசதி படைத்தவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் வரம்பு) கிடையாது. மத்திய ஒதுக்கீட்டில் உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய். இதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. பெரம்பூர் ரயில்வே கேரேஜில் குரூப் சி பணியில் இருக்கும் அப்பாவின் சம்பளம் ஓவர்டைமோடு சேர்த்து 8 லட்சத்தைத் தாண்டினாலும், அந்தச் சம்பளத்தை வைத்து மட்டும் பிள்ளை கிரீமி லேயர் ஆகிவிடாது. "வருமானம் ஜாஸ்தி, உங்களுக்கு வராது" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வாதாட வேண்டும்.

3. சமூகச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். கிரீமி லேயரில் இல்லை என்று காட்டும் ஓபிசி சான்றிதழை அந்தந்தச் சேர்க்கை ஆண்டுக்கு ஏற்றபடி புதிதாக வாங்க வேண்டும். ஐஐடி, மத்தியப் பல்கலைக்கழகம், நீட் அகில இந்தியத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் இதுதான்.

வட சென்னையில் நிறைய வீடுகளைத் தொடும் இன்னொரு சிக்கல்: கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே. எனவே சேர்க்கையில் அவர்கள் பிசி. ஆனால் கல்வி உதவித்தொகைக்குத் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறைத் திட்டங்களில் அவர்களுக்கும் இடம் உண்டு. சேர்க்கைப் படிவத்தில் பிசி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் உதவித்தொகைப் படிவம் தர மறுத்தால் அது தவறு.

ஏழரை சதவீதம்: பள்ளியை அளவுகோலாக்குவது

நீட் வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவம் சேர்வது அரிதாகிப் போனது. நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் தரலாம் என்றது, அரசு 7.5 என்று முடிவுசெய்து 2020இல் சட்டமாக்கியது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் நீட்டியது. 69க்கு மேல் சேர்வது இல்லை இது. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் முன்னுரிமையாக ஒதுக்குவது. முக்கியத் தகுதி: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளும் அதில் அடக்கம்.

இந்த ஏற்பாட்டின் தனித்தன்மை, சாதியோடு பள்ளியையும் அளவுகோலாக்கியது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் 1997இல் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களுக்கு மாகாணப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று சட்டம் போட்டது. இனத்தைக் கேட்காமலேயே, ஏழைப் பேட்டைகளின் பள்ளிகள் அதனால் பயன்பெற்றன. பள்ளி எங்கே இருக்கிறது என்பது அந்தக் குடும்பம் எங்கே வாழ்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறது அல்லவா?

வட சென்னையில் கோடு எங்கே இடிக்கிறது என்றால், அரசு உதவிபெறும் பள்ளிகளில். ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் வட்டாரத்தில் தேவாலயங்களும் அறக்கட்டளைகளும் நடத்தும் உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். அங்கே படிப்பவர்களும் அதே தெருப் பிள்ளைகள். மீன் ஏலம் போடுபவர் மகள் உதவிபெறும் பள்ளியில் படித்தால் ஏழரையில் வரமாட்டாள். பக்கத்து வீட்டுப் பெண் மாநகராட்சிப் பள்ளியில் படித்தால் வருவாள். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்று தொடங்கி, 2024-25 முதல் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கும் விரிவடைந்தது. பணத்தில் நீண்ட கோடு, சீட்டில் நீளவில்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் வாசலுக்கு வெளியே. இந்தச் சட்டங்கள் பொருந்தாத இடங்களும் உண்டு. சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களை 15(5) பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. தனியார் பொறியியல் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களிலும் இந்தச் சமூகவாரிக் கணக்கு கிடையாது.

உள்ளே வந்த பிறகு

சம வாய்ப்புக்கு இரண்டு பொருள் சொல்லலாம். எல்லோருக்கும் ஒரே விதி என்பது ஒன்று. ஒரே விதி எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. 2021 மார்ச்சில், ராணுவப் பெண் அதிகாரிகளின் நிரந்தரப் பணி குறித்த நிதிஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டாவதை மறைமுகப் பாகுபாடு என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. பார்வைக்குப் பொதுவாக இருக்கும் விதி ஒரு பிரிவினரை மட்டும் அதிகம் வெளியே தள்ளினால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அது பாகுபாடுதான். கல்லூரிக்குள் இந்தக் கண்ணோட்டத்தோடு நுழைந்தால் பல விஷயங்கள் வேறு மாதிரி தெரியும்.

1. கட்டணம். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில் 2020-21 முதல் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. பணம் ஆதாருடன் இணைந்த மாணவரின் கணக்கில் விழுகிறது. கல்லூரிக்குக் கட்டணம் ஜூனில் வேண்டும். உதவித்தொகை எப்போது வரும் என்பது வேறு கதை. இந்த இடைவெளியில்தான் கந்துவட்டி நுழைகிறது, ஹால் டிக்கெட் நிறுத்தப்படுகிறது. "முதல்ல கட்டுங்க, பணம் வந்ததும் எடுத்துக்குங்க" என்று சொல்வது பாகுபாடாகவே யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் முன்பணம் இல்லாமல் சேர்வதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாட்டைச் சொல்கின்றன. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று 2018இல் யூஜிசி அறிவித்தது. இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போகும் பெற்றோரிடம் ஜன்னலில் பேச்சின் தொனியே மாறும்.

2. வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும், குறைந்தால் பணம் கட்டி விலக்கு வாங்கலாம் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்துக்குப் பெட்டி இறக்கிவிட்டு வரும் பையனும், கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு இருப்பவனும் இந்த விதியின் முன் சமம். மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். வியாசர்பாடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் சுற்றிக்கொண்டு வந்து முதல் வகுப்பைத் தவறவிடுவார்கள். கடைசியில் அபராதம் கட்டுபவர்கள் யார் என்று ஒரு கல்லூரி தன் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால் போதும், பெரிய ஆய்வே தேவையில்லை.

3. வகுப்பறைப் பேச்சு. "எஸ்சி ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எழுந்திருங்க, ஆபீஸ்ல கூப்பிடுறாங்க." சொல்பவருக்கு அது ஓர் அறிவிப்பு. எழுந்திருப்பவருக்கு அன்றோடு வகுப்பில் ஒரு முத்திரை. யூஜிசியின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிகள் இதைக் குறிப்பாகவே தடுக்கின்றன: மாணவர்களின் சாதியை வகுப்பில் அறிவிக்கக் கூடாது, மதிப்பெண் குறைவுக்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசக் கூடாது. பெயர்ப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் சாதியோடு ஒட்டுவதற்குப் பதில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் முடிந்தது வேலை.

4. படிக்கட்டு. 5 சதவீத இடம் தந்துவிட்டு, துறை அலுவலகத்தை லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் வைத்திருக்கும் கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

புகாரை யாரிடம் கொடுப்பது?

2012 விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும், பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும். பல இடங்களில் இந்தப் பெயர்கள் இணையதளத்தின் ஒரு மூலையிலும், தர மதிப்பீட்டுக் குழு வரும்போது திறக்கப்படும் ஓர் அறையிலும் மட்டும் இருக்கும். ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலா 2016இலும், மும்பை மருத்துவர் பாயல் தட்வி 2019இலும் சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கிடையே இறந்த பிறகு, விதிகள் ஏட்டளவில் நிற்கின்றன என்று அவர்களின் தாய்மார்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அதன் தொடர்ச்சியாக 2026 ஜனவரியில் யூஜிசி புதிய விதிகளை அறிவித்தது. சாதிப் பாகுபாடு என்பதற்கான விளக்கம் பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி பிரிவினருக்கு எதிரானதை மட்டும் சொல்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது.

இப்போதைக்குக் கையில் இருப்பது பழைய விதிகள்தான். அவற்றிலேயே செய்ய நிறைய இருக்கிறது. அலுவலரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வாசலில் எழுதப்பட்டிருக்கிறதா, புகாருக்கு எழுத்தில் ஒப்புகை தருகிறார்களா என்று கேட்கலாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: புகார் எந்த ஆசிரியரைப் பற்றியதோ, அவர் கையில் இன்டர்னல் மதிப்பெண் இருக்கும்வரை முதலாமாண்டு மாணவர் வாய் திறக்கமாட்டார். புகார் வந்ததும் அந்த மதிப்பெண்ணை வேறொருவர் பார்க்க ஏற்பாடு செய்யாத கல்லூரியில் மையம் இருந்தும் புகார் வராது. "எங்க காலேஜ்ல ஒரு கம்ப்ளைண்ட்கூட இல்லை" என்று பெருமை பேசும் நிர்வாகத்தை நான் நம்பத் தயாரில்லை.

வளாகத் தேர்வு: சட்டம் நிற்கும் இடம்

தனியார் துறை வேலையில் இட ஒதுக்கீடு இல்லை. அரசுப் பணியை விட்டால், பட்டம் முடித்தவர் முதலில் போய் நிற்கும் இடம் கேம்பஸ் இன்டர்வியூ. 69 சதவீதத்தின் கை அங்கே எட்டாது. ஏழரை சதவீதமும் எட்டாது. மறைமுகப் பாகுபாடு மிகத் தெளிவாகத் தெரிவதும் அங்கேதான்.

முதல் சல்லடை: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது, சில நிறுவனங்களுக்கு எப்போதுமே அரியர் விழுந்திருக்கக் கூடாது. தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டி இரண்டு பேப்பர் விடுவார். மூன்றாம் செமஸ்டரில் தேறி, கடைசி ஆண்டில் வகுப்பின் முதல் பத்துக்குள்ளும் வந்துவிடுவார். சல்லடைக்கு அந்த ஏற்றம் தெரியாது. முதல் செமஸ்டரின் அந்த இரண்டு பேப்பர் மட்டும்தான் தெரியும். கல்லூரி நான்கு ஆண்டுகளில் அவரிடம் கொண்டுவந்த மாற்றம் எதுவோ, அதற்கு மதிப்பே கொடுக்காத அளவுகோல் இது.

இரண்டாவது சல்லடை எழுதப்படாதது. முகவரி. நேர்காணலில் "வியாசர்பாடியா? அங்க எந்தப் பக்கம்?" என்ற கேள்வி நட்பாகவே வரும். சினிமா பார்த்து வட சென்னையைத் தெரிந்துகொண்ட ஒருவரின் மனதில் அதற்குள் ரவுடிப் பட்டியல் ஓடிவிட்டிருக்கும். சொந்தக்காரர் வீட்டு அண்ணா நகர் முகவரியை பயோடேட்டாவில் போடும் பழக்கம் இதனால்தான் வந்தது. எந்தச் சாதி ஒதுக்கீட்டிலும் இந்த முகவரி ஏறாது. ஆனால் வடக்கே குடியிருக்கும் எந்தப் பிரிவு மாணவரும் இதைச் சுமக்கிறார். எண்ணூர் அனல் மின் நிலையமும், மணலி ஆலைகளும், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கும் யார் வீட்டுப் பக்கம் வைக்கப்பட்டனவோ, அவர்கள் பிள்ளைகளிடமே அந்த இடத்தின் பெயரையும் குற்றமாகச் சொல்வது.

2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சி தருகிறது, நல்லதுதான். ஆனால் பயிற்சி மாணவரைச் சரிசெய்யப் பார்க்கிறது, சல்லடையை அப்படியே விட்டுவிடுகிறது. சல்லடையைத் தொடக்கூடிய இடம் கல்லூரியின் பிளேஸ்மெண்ட் பிரிவு. அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், முதல்வர் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும்:

1. நிறுவனங்களை அழைக்கும்போதே 60 சதவீத விதிக்குப் பதில் கடைசி நான்கு செமஸ்டர் மதிப்பெண்ணைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். எல்லா நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. கேட்டுப் பார்க்காமலேயே எல்லாருடைய நிபந்தனையையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதுதான் இப்போதைய வழக்கம்.

2. ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பேர் முதல் சல்லடையிலேயே கழிந்தார்கள், எத்தனை பேர் நேர்காணலில் கழிந்தார்கள் என்று பிரிவுவாரியாக, பெயர் இல்லாமல், கணக்கு வெளியிடலாம். சேர்க்கைக்கு இந்தக் கணக்கு இருக்கிறது. வெளியேறும்போது மட்டும் யாரும் எண்ணுவதில்லை.

3. பல கல்லூரிகளுக்குப் பொதுவான தேர்வை நகரின் தெற்கே சிறுசேரியில் காலை எட்டு மணிக்கு வைத்தால், திருவொற்றியூர் மாணவி இருட்டோடு கிளம்ப வேண்டும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீட்டில் அத்தோடு முடிந்தது. விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோ வந்தாயிற்று. வடக்கே ஒரு மையம் கேட்பது பெரிய சலுகை ஆகாது.

4. விண்ணப்பத்தில் வீட்டு முகவரியும், அப்பாவின் தொழிலும் முதல் சுற்றுக்குத் தேவையில்லை. பெயர், பதிவு எண், மதிப்பெண், தொலைபேசி எண் போதும். போலீஸ் சரிபார்ப்புக்கு முகவரி வேண்டுமென்றால், ஆஃபர் கொடுத்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.